பயன் எங்கே இருக்கிறது? சர்வராகும் பழைய கணினியை முன்வைத்து

2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை நிறுத்தியது. அடுத்து வந்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியையும் ஏற்கப்பட்ட பட்டியலில் உள்ள செயலியையும் கேட்கிறது. இன்டெல் செயலிகளில் எட்டாம் தலைமுறைக்கு முந்தையவை பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இல்லை. இதனால் 13ஆம் தேதி வரை ஒழுங்காக வேலைசெய்த ஏராளமான மேசைக்கணினிகள் 15ஆம் தேதி ‘பழையவை’ ஆகிவிட்டன. இடைப்பட்ட நாளில் அவற்றுக்குள் எதுவும் தேயவில்லை. செயலி அதே வேகத்தில் கணக்கிட்டது, ஹார்ட் டிஸ்க் அதே வேகத்தில் சுழன்றது. மாறியது கணினிக்கு வெளியே எடுக்கப்பட்ட ஒரு முடிவு மட்டுமே.

இப்படிக் கழிக்கப்பட்ட கணினிகளில் சிலவற்றை உரிமையாளர்கள் துடைத்து, லினக்ஸ் நிறுவி, வீட்டிலேயே வலை சர்வராக இயக்குகிறார்கள். செலவைக் குறைக்கும் வழி என்றோ பொழுதுபோக்கு என்றோ மட்டும் இதைப் பார்த்தால் இதற்குள் இருக்கும் பழைய கேள்வி ஒன்று தவறிப்போகும். ஒரு பொருளின் பயன் அந்தப் பொருளுக்குள் இருக்கும் குணமா, செய்தவர் அதற்கு இட்டதா, பயன்படுத்துபவரோடு ஏற்படும் உறவா? பயன் முழுவதும் மாறிய பிறகும் பொருள் அதுவேதானா? காரணத்துக்கும் காரியத்துக்கும் உள்ள உறவு என்ற பெயரில் இந்தியத் தத்துவ மரபுகள் பல நூற்றாண்டுகள் வாதிட்ட கேள்வி இது.

சர்வராவது என்றால் என்ன

முதலில் நடப்பது சுத்தம் செய்தல். சிபியு பெட்டியின் பக்கப் பலகையைக் கழற்றி, ஃபேனிலும் செயலியின் மேலுள்ள உலோக மடிப்புகளிலும் அடைந்திருக்கும் தூசியை எடுக்க வேண்டும். காய்ந்து கட்டியான தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவ வேண்டும். மதர்போர்டில் காசு வடிவில் பதிந்திருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருந்தால், மின்சாரம் துண்டிக்கப்படும்போதெல்லாம் கணினி தேதியை மறந்துவிடும். அதையும் மாற்ற வேண்டும். பிறகு பழைய கோப்புகளைப் பிரதி எடுத்துவிட்டு ஹார்ட் டிஸ்க்கை முழுவதும் அழித்து, டெபியன் போன்ற ஒரு லினக்ஸ் வகையைத் திரைக்காட்சி வசதி இல்லாமல் நிறுவுகிறார்கள். சன்னல்கள், படங்கள், மவுஸ் அம்பு ஆகியவற்றின் சுமை நீங்கிவிடுவதால் எளிய வலைத்தளம் ஒன்றை நடத்த 1 ஜிபி ரேமே போதும். பத்து ஆண்டுப் பழைய கணினியில் 4 ஜிபி இருந்தால் அது தாராளம்.

அடுத்து அப்பாச்சி அல்லது என்ஜின்எக்ஸ் போன்ற சர்வர் மென்பொருள் நிறுவப்படுகிறது. அது 80, 443 ஆகிய எண்களுள்ள போர்ட்களில் அழைப்புக்காகக் காத்திருக்கும். வீட்டு ரூட்டருக்கு வரும் அழைப்பை இந்தக் கணினிக்குத் திருப்பிவிட ஓர் அமைப்பு தேவை. சில இணையச் சேவை நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே பொது ஐபி முகவரிக்குப் பின்னால் வைப்பதால், அங்கே ஐபிவி6 முகவரியோ ஓர் இடைநிலைச் சேவையோ வேண்டியிருக்கும். மின்சாரம் போய் வந்தால் தானாகவே இயங்கத் தொடங்கும்படி பயாஸில் ஓர் அமைப்பை மாற்றுவதும் உண்டு. கடைசியில் மானிட்டர், கீபோர்டு, மவுஸ் மூன்றும் கழற்றப்படுகின்றன. மின்கம்பியும் நெட்வொர்க் கேபிளும் மட்டும் மிஞ்சுகின்றன.

இந்த மாற்றத்தின் தன்மை கவனிக்கத்தக்கது. ஒருவர் எதிரே உட்கார்ந்து பயன்படுத்துவதற்காகச் செய்யப்பட்ட கருவி, எதிரே யாருமே இல்லாத கருவியாகிவிட்டது. முன்பு உரிமையாளர் தொடங்கினால்தான் வேலை நடந்தது. இப்போது முகம் தெரியாத எவரோ எங்கிருந்தோ கேட்டால் வேலை நடக்கிறது. இரும்புப் பெட்டியும் சில்லுகளும் ஏறக்குறைய அவையேதான். வேலையோ முற்றிலும் வேறு.

முதல் வலை சர்வரும் ஒரு மேசைக்கணினியே

இது ஏழைக்கேற்ற மாற்று ஏற்பாடு என்று தோன்றலாம். வலையின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வு மையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1990ஆம் ஆண்டின் இறுதியில் இயக்கிய உலகின் முதல் வலை சர்வர், அவர் மேசையில் இருந்த நெக்ஸ்ட் கணினிதான். முதல் வலை உலாவியை எழுதியதும் அதே கணினியில்தான். அது அணைக்கப்பட்டால் அன்றைய வலையே அணைந்துவிடும். ஆகவே, இது ஒரு சர்வர், மின்சாரத்தை நிறுத்தாதீர்கள் என்று சிவப்பு மையில் கையால் எழுதிய சீட்டு ஒன்று அதன் மேல் ஒட்டப்பட்டது. அந்தச் சீட்டு இன்றும் அந்தக் கறுப்புக் கனசதுரப் பெட்டியில் இருக்கிறது.

தத்துவ நோக்கில் அந்தச் சீட்டுக்குக் கனம் அதிகம். பல்கலைக்கழகங்களையும் ஆய்வகங்களையும் மனத்தில் வைத்து அந்தக் கணினியை ஸ்டீவ் ஜாப்ஸின் நிறுவனம் 1988இல் அறிமுகப்படுத்தியபோது உலகில் வலை என்ற ஒன்றே இல்லை. வலை சர்வர் என்ற பயன் வடிவமைத்தவர் எவர் எண்ணத்திலும் இருந்திருக்க முடியாது. செய்பொருளின் நோக்கம் செய்பவன் மனத்திலிருந்தே அதற்குள் வருகிறது என்பது அரிஸ்டாட்டில் தொட்டு மேற்கில் நிலைத்த கருத்து. செர்ன் கணினி அதற்கு உடன்படவில்லை. செய்து முடித்து, விற்று, மேசைக்கு வந்த பிறகு அதற்கு ஒரு புதிய நோக்கம் பிறந்தது. அந்த நோக்கம் முந்தையதைவிடப் பெரியதாகவும் ஆனது.

கப்பல் வாதத்தின் மறுபக்கம்

பொருளின் அடையாளம் பற்றிய பேச்சில் வழக்கமாக எடுத்துக்காட்டப்படுவது தீசியஸின் கப்பல். ஏதென்ஸ் மக்கள் அதைப் பல தலைமுறைகள் பாதுகாத்தார்கள் என்றும், உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தார்கள் என்றும் புளூட்டார்க் எழுதினார். எல்லாப் பலகைகளும் மாறிய பிறகு அது அதே கப்பலா என்பது கேள்வி. 1655இல் தாமஸ் ஹாப்ஸ் இதை இன்னும் இறுக்கினார். கழித்த பழைய பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து மீண்டும் கப்பலாகக் கட்டினால் எது உண்மையான கப்பல் என்று அவர் கேட்டார்.

சர்வராகும் கணினி இந்த வாதத்தைத் தலைகீழாக நிறுத்துகிறது. கப்பலில் உறுப்புகள் மாறின, வேலை மாறவில்லை. கணினியில் உறுப்புகள் பெரும்பாலும் மாறவில்லை, வேலை மாறிவிட்டது. பொருள் என்பது அதன் உறுப்புகளே என்பவர் கணினியில் எதுவும் நடக்கவில்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். வேலையே பொருள் என்பவர் பழைய கணினி அழிந்து வேறொன்று வந்தது என்று சொல்ல வேண்டியிருக்கும். இரண்டுமே அனுபவத்தோடு ஒத்துவரவில்லை. நேற்று வரை மாணவி ஒருத்தி பாடம் எழுதிய கணினி இதுதான் என்று வீட்டில் எல்லாரும் அறிவார்கள். அதில் இனி பாடம் எழுத முடியாது என்பதையும் அறிவார்கள்.

ஹாப்ஸின் கேள்வியும் இங்கே அன்றாட வேலையாக வருகிறது. சர்வரின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு பெட்டியில் பொருத்தி, ரூட்டர் அமைப்பில் ஒரு வரியை மாற்றினால், வலைத்தளம் முன்போலவே திறக்கும். வருபவர்களுக்கு வேறுபாடு தெரியாது. அப்படியானால் சர்வர் எங்கே இருந்தது? பெட்டியிலா, டிஸ்க்கிலா, முகவரியிலா? பௌத்தர்களின் விடை தெளிவானது. மிலிந்த மன்னனோடு நடந்த உரையாடலில் நாகசேனர், அச்சும் சக்கரமும் நுகமும் தனித்தனியே தேர் ஆகாது, அவற்றுக்கு அப்பாலும் தேர் என்று ஒன்று இல்லை, அவை கூடியதால் வழங்கும் பெயரே தேர் என்று நிறுவினார். சர்வரும் அப்படியே: மின்சாரம், பெட்டி, மென்பொருள், முகவரி, கேட்பவர் என்று சார்புகள் கூடும் வரை இருப்பது.

காரணத்துக்குள் காரியம் உண்டா

பௌத்தர்களின் விடை ஒரு கேள்வியை மிச்சம் வைக்கிறது. சார்புகள் கூடினால் போதும் என்றால் ஏன் எல்லாப் பெட்டிகளும் சர்வர் ஆவதில்லை? தட்டச்சு இயந்திரத்தோடு எத்தனை கம்பியை இணைத்தாலும் அது வலைப்பக்கம் அனுப்பாது. சாங்கியர்களின் சற்காரிய வாதம் இந்த இடத்தில்தான் வலுவாக நிற்கிறது. காரியம் காரணத்துக்குள் முன்பே மறைந்திருக்கிறது, தோன்றுதல் என்பது வெளிப்படுதலே என்பது அதன் சாரம். தேவையான பொருளுக்கு உரிய மூலப்பொருளையே மக்கள் தேடுகிறார்கள், எதிலிருந்தும் எதுவும் வந்துவிடுவதில்லை என்பவை ஈசுவர கிருஷ்ணரின் சாங்கிய காரிகை அடுக்கும் காரணங்கள். எண்ணெய் வேண்டுபவன் எள்ளைத்தான் ஆட்டுகிறான், மணலை அல்ல. செயலி, நினைவகம், நெட்வொர்க் இணைப்பு மூன்றும் பழைய கணினிக்குள் இருந்தன. எனவே சர்வராகும் ஆற்றல் வாங்கிய நாள் முதலே அதில் இருந்தது.

நியாய வைசேடிகர்கள் இதை மறுப்பார்கள். காரியம் முன்பே இருந்தால் அதைச் செய்ய முயற்சி எதற்கு? மண்ணிலேயே குடம் இருந்தால் மண்ணில் தண்ணீர் மொள்ள முடிய வேண்டுமே என்பது அவர்கள் கேள்வி. அவர்கள் பார்வையில் சர்வர் ஒரு புதிய தொடக்கம். நேற்று அது எங்கும் இல்லை, இன்று உண்டாயிற்று. வெறும் கணினியின் ஐபி முகவரியை உலாவியில் தட்டிப் பார்ப்பவருக்குப் பக்கம் திறக்காது என்பதே அவர்களுக்குச் சான்று.

சைவ சித்தாந்தம் சற்காரிய வாதத்தை ஏற்கிறது. ஆனால் காரணத்தை மூன்றாகப் பகுத்துப் பார்ப்பதால் இந்தச் சிக்கலை அவிழ்க்கவும் செய்கிறது. குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். உலகத்துக்கு மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம், இறைவன் நிமித்த காரணம் என்று இந்தப் பகுப்பு விரிகிறது. முதற்காரணத்தில் ஆற்றல் இருந்தாலும் அறிவுடைய நிமித்த காரணம் இன்றி அது வெளிப்படாது என்பதே சித்தாந்திகளின் அழுத்தம். சடம் தானாக எதுவும் ஆகாது. பரணில் கிடக்கும் கணினியில் ஆற்றல் உறங்குகிறது, லினக்ஸும் இணைய இணைப்பும் துணைக்காரணங்களாகக் காத்திருக்கின்றன. இவற்றைக் கூட்டுவிக்க அறிந்து விரும்பும் ஒருவர் வேண்டும். சாங்கியர் காட்டிய ஆற்றலையும் நியாய வைசேடிகர் காட்டிய முயற்சியையும் ஒருசேர விளக்குவதால் இந்தப் பகுப்பு வலிமை பெறுகிறது.

தோற்றம், அழிவு, நிலைபேறு

பொருள் அதுவேதானா என்ற கேள்விக்கு நேரடியாக விடை தருவது சமணம். உள்ளது என்பது தோற்றம், அழிவு, நிலைபேறு மூன்றும் ஒருங்கே உடையது என்று உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் வரையறுக்கிறது. சமந்தபத்திரர் தம் ஆப்த மீமாம்சையில் இதற்குக் காட்டும் எடுத்துக்காட்டு புகழ்பெற்றது. பொற்குடத்தை உருக்கி முடி செய்கிறார்கள். குடத்தை விரும்பியவர் வருந்துகிறார், முடியை விரும்பியவர் மகிழ்கிறார், பொன்னை விரும்பியவர் இரண்டும் இன்றி இருக்கிறார். மூவரின் உணர்வுக்கும் உண்மையான அடிப்படை உண்டு. ஏனெனில் குடம் அழிந்ததும், முடி தோன்றியதும், பொன் நிலைத்ததும் ஒரே நிகழ்ச்சியின் மூன்று உண்மைகள்.

சர்வராகும் கணினியிலும் இந்த மூவரையும் காணலாம். அதில் விளையாடிப் பழகிய பிள்ளைக்கு அது இழப்பு. தன் எழுத்தை யார் தயவும் இன்றி உலகுக்குத் தர விரும்பியவருக்கு அது வரவு. எடைக்கு வாங்கும் காயலான் கடைக்காரருக்கு இரும்பும் செம்பும் முன்பிருந்த அளவே. மூவரில் ஒருவரை மட்டும் சரி என்பது பொருளின் ஒரு பக்கத்தை மட்டும் பார்ப்பது. அதுவேதானா, வேறா என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கேட்பதுதான் தவறு என்று சமணத்தின் அநேகாந்தவாதம் சொல்லும்.

இந்த வாதங்கள் தமிழுக்கு அயலானவை அல்ல. வஞ்சி நகரில் பல சமயத்தார் தத்தம் கொள்கைகளை உரைப்பதை மணிமேகலை ஒரு காதை முழுவதும் கேட்கிறாள். நீலகேசி சமணத்தின் பக்கம் நின்று ஏனைய மதங்களோடு வாதிடுகிறது. சிவஞான சித்தியாரின் பரபக்கம் பிற மதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு மறுக்கிறது. பொருள் எப்படி உண்டாகிறது, எதனால் நிலைக்கிறது என்ற விசாரணை தமிழில் காவியமாகவும் சாத்திரமாகவும் நடந்திருக்கிறது.

வழிபாட்டு மரபும் இதே கேள்வியை நடைமுறையில் தீர்த்துவைத்திருக்கிறது. கோயில் திருப்பணி தொடங்கும்முன் மூர்த்தத்தின் சாந்நித்தியத்தை எழுந்தருளச் செய்து பாலாலயம் என்னும் தற்காலிகச் சன்னிதியில் வைத்து, நித்திய பூசையை அங்கே தொடர்கிறார்கள். பணி முடிந்ததும் குடமுழுக்கின்போது அது மூலத்தானத்துக்குத் திரும்புகிறது. தாங்கும் பொருளும் தாங்கப்படுவதும் ஒன்றல்ல, ஆனால் தாங்கும் பொருள் இல்லாமல் வழிபாடு இல்லை என்ற இரண்டையும் அந்தச் சடங்கு ஒருங்கே காக்கிறது. கல் மாற்றப்படும்போதும் பூசை ஒரு நாளும் நிற்பதில்லை.

கழிவு என்ற தீர்ப்பு

இதுவரை வந்த வழியில் ஒன்று உறுதியாகிறது. பயனின்மை என்பது பொருளின் நிறம், எடை போன்ற குணம் அல்ல. ஒரு நோக்கத்தை முன்வைத்து மனிதர் சொல்லும் தீர்ப்பு அது. நோக்கம் மாறினால் தீர்ப்பும் மாறும். இதை மறந்துவிடுவதன் விலை பெரியது. 2022இல் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது என்றும், அதில் 22.3 விழுக்காடே முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியுள்ளது என்றும் ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் 2024 அறிக்கை கணக்கிட்டது. ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்துக்காக எரிக் வில்லியம்ஸ் செய்து 2004இல் வெளியான ஆய்வின்படி, அக்கால மேசைக்கணினி ஒன்றை மானிட்டரோடு உருவாக்க 240 கிலோ புதைபடிவ எரிபொருளும் 22 கிலோ வேதிப்பொருள்களும் 1,500 கிலோ தண்ணீரும் செலவாயின. கணினியைத் தூக்கிப்போடும்போது இவ்வளவும் சேர்ந்தே போகிறது.

ஆனால் எதையும் கழிக்கக் கூடாது என்பது இதிலிருந்து பெறப்படும் முடிவு அல்ல. தேவைக்கு மேல் பொருளைப் பிடித்துவைக்காமை சமணத்தில் துறவியர்க்கும் இல்லறத்தார்க்கும் உரிய நோன்பு. அபரிக்கிரகம் என்ற அந்த நோன்பு வாங்கிக் குவிப்பவரையும் கேட்கிறது, பயன்படாததைப் பரணில் பூட்டிவைப்பவரையும் கேட்கிறது. இங்கே கணக்கு தேவை. ஓய்வில் 60 வாட் எடுக்கும் கணினி நாள் முழுவதும் ஓடினால் ஒரு நாளைக்கு 1.44 யூனிட், ஆண்டுக்கு ஏறத்தாழ 525 யூனிட். இரு மாத மின்கணக்கில் 86 யூனிட்டை அது ஒன்றே தின்றுவிடும். 4 வாட் எடுக்கும் சிறு பலகைக் கணினிக்கு அதே வேலைக்கு ஆண்டுக்கு 35 யூனிட் போதும். பழைய கணினியைக் காப்பது எப்போதும் இயற்கையைக் காப்பது ஆகாது. மின்சாரம் குறைவாக எடுக்கும் பழைய கணினி என்றால் வைத்துக்கொள்வது நியாயம். கூடுதலாக எடுக்கும் என்றால் தேவையான நேரத்துக்கு மட்டும் இயக்குவதோ, அதிகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைப்பதோ நியாயம். அப்படி ஒப்படைப்பதற்கான சட்ட ஏற்பாட்டை இந்தியாவின் 2022 மின்கழிவு மேலாண்மை விதிகள் தருகின்றன.

நிமித்த காரணத்தின் கடமை

நிமித்த காரணம் அறிவுடையது என்பதால் பொறுப்பும் அதற்கே உரியது. இணையத்தில் ஒரு கணினியைத் திறந்துவைத்த சற்று நேரத்திலேயே தானியங்கி நிரல்கள் அதன் கதவுகளைத் தட்டத் தொடங்கும். யூகிக்கக்கூடிய கடவுச்சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக முயன்று பார்க்கும். அந்தத் தடங்கள் சர்வரின் பதிவுக் கோப்பில் வரிவரியாகக் காணக் கிடைக்கும். கவனிப்பாரற்ற சர்வரைக் கைப்பற்றுபவர் அதைக்கொண்டு பிறரைத் தாக்க முடியும். ஆகவே பாதுகாப்புத் திருத்தங்களை உடனுக்குடன் ஏற்றுவது, தேவையற்ற போர்ட்களை மூடுவது, கடவுச்சொல்லுக்குப் பதில் சாவிக் கோப்பைப் பயன்படுத்துவது, முக்கியமான கோப்புகளுக்கு வேறிடத்தில் பிரதி வைப்பது ஆகியவை தொழில்நுட்பக் குறிப்புகள் மட்டுமல்ல, அயலாருக்குச் செய்யும் கடமைகள். ஒரு பொருளுக்குப் புதிய பயனைத் தந்தவர் அந்தப் பயன் தீங்காகாமல் பார்த்துக்கொள்ளவும் கடன்பட்டவர்.

தமிழர் வீடுகளிலும் பட்டறைகளிலும் அலுவலகங்களிலும் ஆயுத பூசை அன்று கருவிகளைத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, அன்று ஒரு நாள் வேலை வாங்காமல் ஓய்வு தருகிறார்கள். அரிவாள், தையல் இயந்திரம், லாரி ஆகியவற்றின் வரிசையில் கணினியும் சேர்ந்து நெடுங்காலமாகிறது. கருவிக்கு மரியாதை செய்வது என்றால் முதலில் அதைச் சுத்தமாகவும் வேலைக்குத் தக்கதாகவும் வைத்திருப்பதுதான் என்பதை அந்த வழக்கம் கற்பிக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை நடப்பதை ஆண்டு முழுவதும் நீட்டிப்பதே சர்வரைப் பேணுவது.

பயன் பொருளுக்குள் மட்டும் இல்லை, செய்தவர் எண்ணத்தில் மட்டும் இல்லை, பயன்படுத்துபவர் விருப்பத்தில் மட்டும் இல்லை. பொருளின் ஆற்றல், துணைகளின் கூட்டு, அறிந்து பொறுப்பேற்கும் ஒருவர் என்ற மூன்றும் சேரும் இடத்தில்தான் அது இருக்கிறது. பழைய கணினியைக் கழிவு என்று ஒதுக்கித்தள்ளும்முன் ஒவ்வொருவரும் இந்த மூன்றையும் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆற்றல் மிச்சமிருந்து, பொறுப்பேற்க ஆளும் இருந்தால் அதை வேலைக்கு வையுங்கள். இல்லையென்றால் பரணில் போடாமல் உரியவரிடம் சேர்த்துவிடுங்கள்.